கண்மாய்க் கரையில் மூன்று கேமரா

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறும்போது என்னிடம் நான்கு உருப்படிகள் இருந்தன: முதுகுப் பை, கேமரா ஸ்டாண்டு, ஒலிப்பதிவுக் கருவி இருந்த சின்னப் பெட்டி, ஸ்பீக்கர் இருந்த பெரிய பெட்டி. எங்கே போனாலும் உருப்படிகளை எண்ணிவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்குவேன். சினிமாவில் ஒலிப்பதிவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த பழக்கம் அது. அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை.

காரணம், பக்கத்து இருக்கை அம்மா. மடியில் ஒரு பாத்திரம் நிறையப் பலாச்சுளை வைத்திருந்தார். உறைக்குள் நீளமாக இருந்த ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாத்தா இது, தூண்டிக் கம்பா? மீன்பிடிக்கா வாரீங்க?"

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சினிமா எடுக்கச் சொல்லித்தரப் போகிறேன் என்றேன்.

"அதுக்கு எதுக்கு மெட்ராஸ்லேருந்து ஆளு? அதான் ஆளுக்கொரு போனை வச்சிக்கிட்டு நாள்பூராவும் எடுக்குதுகளே."

பதில் யோசிப்பதற்குள் கையில் ஒரு சுளை வந்தது. அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொன்று. கொட்டையை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கி, பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு எண்ணினேன். மூன்று.

அமலா டீச்சர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். ஆவூர்க்காரர். ஊர்க்காரர்களே கூடி நடத்தும் அந்தச் சின்னப் பள்ளியின் தலைமையாசிரியை. கோடை விடுமுறையில் பட்டறை நடத்த என்னை அழைத்தவர். ஸ்பீக்கர் போய்விட்டது என்றதும் கொஞ்சமும் பதறவில்லை. "அது எங்க போயிரும்? கடைசி ஸ்டாப்புல திரும்பி இதே வழிதான வரணும். வாங்க, டீ குடிப்போம்" என்றார். டீக்கடை பெஞ்சில் அவித்த கடலையை உரித்தபடி உட்கார்ந்திருந்தோம். பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"உங்க பொட்டி டிக்கெட் எடுக்காம ஊர் சுத்திப் பாத்துட்டு வந்துருச்சும்மா."

சென்னையில் தொலைந்த பொருளுக்குப் புகார் கொடுப்போம். இங்கே டீ குடிக்கிறார்கள்.

முதல் நாள் வகுப்பில் காதைத் திறக்கும் பயிற்சி கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். மயில், மோட்டார் பம்பு, யாரோ விறகு பிளப்பது, மணமேல்குடியிலிருந்து மொபெட்டில் வரும் கருவாட்டுக்காரரின் ஹாரன். "அக்கா, அமலா டீச்சரு பேப்பர் திருத்துறது" என்று ஒரு குரல். திருத்தும் சத்தம் எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். "டீச்சரு மார்க்கு கொறைக்கிறப்ப 'ச்சு'ன்னு சொல்லும்ல." டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தக் குரல் கோபிகாவுடையது. எட்டாம் வகுப்பு முடித்தவள். இரட்டைப் பின்னல், முன்பல்லில் சின்ன இடைவெளி. யார் சொல்வதையும் பாதியில் வெட்டிவிட்டு மீதியைத் தானே முடிப்பாள். இரண்டாம் நாள் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தபோது யாரும் சொல்லாமலே இயக்குநர் ஆகிவிட்டாள்.

எல்லாக் குழுவுக்கும் இருந்த ஒரே சிக்கல், 'ஆக்சன்' என்ற சொல்லின் மீது அவர்களுக்கு இருந்த காதல். அதை உச்சக்குரலில் கத்துவார்கள். ஒருவர் கத்தினால் போதாது, ஒளிப்பதிவு செய்பவரும் நடிப்பவரும் வேடிக்கை பார்ப்பவரும் சேர்ந்து கத்துவார்கள். எடுத்ததில் ஒரு துண்டுகூடத் தேறவில்லை. ஒலிப்பதிவுக்காரி என்ற முறையில் எனக்கு நெஞ்சு வலித்தது. அதனால் ஒரு விதி போட்டேன்: யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இயக்குநர் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினால் கேமரா ஓட வேண்டும். வெள்ளை தூரத்திலிருந்தும் தெரியும். சத்தமும் இல்லை. கோபிகா பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிள்ளைகள் 'சினிமாத் துண்டு' என்று பெயர் வைத்தார்கள். விதி அருமையாக வேலை செய்தது. என் மேல் எனக்கே ஒரு மதிப்பு வந்தது.

ஒரு குழு ஆட்டுக்குட்டி காணாமல்போன கதை எடுத்தது. ஆட்டுக்குட்டி நடிக்க மறுத்ததால், கடைசிவரை காணாமலேயே போனது. இன்னொரு குழு தண்ணீர்த் தொட்டியில் பேய். கோபிகாவின் குழுவுக்குக் கதை ஏற்கெனவே தயாராக இருந்தது.

"எங்க அப்பா துண்டு வீசப் போறாருக்கா. அதத்தான் எடுக்கப் போறோம்."

அந்த வார வியாழக்கிழமை ஊரில் மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊர் கூடி ஒரு நாள் குறிக்கும். அன்று விடியும்போதே சுற்றுவட்டாரம் முழுக்கக் கரையில் வந்து நிற்கும். ஆனால் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். கரைமேல் பூசை முடிந்து, முறைக்காரர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும்தான் இறங்குவார்கள். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். துண்டு வீசும் முறை ஊரிலுள்ள வகையறாக்களுக்கு மாறி மாறி வரும். மழை பொய்த்த வருடங்களில் திருவிழா கிடையாது. அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டு முறை வாய்த்தாலே பெரிது. போன தடவை இவர்கள் வகையறாவுக்கு முறை வந்தபோது கோபிகாவின் அப்பா செல்வராசு குவைத்தில் இருந்தார். பெரியப்பா மகன்தான் வீசினான். இந்த முறை இதற்காகவே விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை அவரைப் பார்த்தேன். மெலிந்த, வெட்கப்படும் மனிதர். மகளை 'டைரக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

"நான் எங்கிட்டுப் பாத்து நிக்கணும் டைரக்டரம்மா?"

"கேமராவப் பாக்காம நிக்கணும்ப்பா. அது ஒன்னு போதும்."

"பாக்காம எப்பிடி நிக்கிறது? நீ நிக்கிறேன்னு தெரிஞ்சா பாக்கத் தோணும்ல."

கோபிகாவின் அம்மா உள்ளேயிருந்து, "கல்யாண வீடியோல ஒரு தடவ பாத்துட்டு இன்னும் திரும்பல" என்றார்.

மறுநாளுக்கான பொருள்களைப் பட்டியலிட்டேன். மூன்று போன்கள், ஸ்டாண்டு, பவர் பேங்க், மழை வந்தால் பிளாஸ்டிக் உறை, மைக்கு மேல் காற்று அடிக்காமல் இருக்கப் பஞ்சுறை. யார் எங்கே நிற்பது என்று கரும்பலகையில் படமே போட்டேன். அந்தப் படத்தில் வெள்ளைத் துணியோடு கோபிகாவும் இருந்தாள், வெள்ளைத் துண்டோடு அவள் அப்பாவும் இருந்தார். எனக்கும் உறைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் உறைக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ஊர்த் துண்டு, இது சினிமாத் துண்டு.

கண்மாய்க் கரையில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஊத்தாக்களோடு ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையைவிட்டுப் பிடிக்க வேண்டும். வலை, கொசுவலை, பழைய சேலைகூட இருந்தது. எல்லோரும் சேற்றுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு விரால் துள்ளினால் கரை முழுக்க ஒரு பெருமூச்சு. பரீட்சை அறைக்கு வெளியே நிற்பவர்களின் முகம் எல்லோருக்கும்.

கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு ஓரத்தில் பூசை. செல்வராசு சரிகை வேட்டி கட்டி, புதுத் துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார். அவர் முன்னால் ஸ்டாண்டில் பொருத்திய போனோடு ஆறாம் வகுப்பு மித்ரா. மற்ற இரண்டு போன்களும் கரையின் இரு பக்கத்திலும். கோபிகா மடைமேல் ஏறி நின்றாள். மூன்று கேமராவுக்கும் தெரிகிற இடம் அது ஒன்றுதான். ஊருக்கே தெரிகிற இடமும் அதுதான்.

ஊர்த் தலைவர் சூடத்தை ஏற்றினார். தட்டை எல்லோருக்கும் காட்டி முடித்த பிறகுதான் துண்டு. கேமராக்கள் அதற்கு முன்பே ஓட வேண்டும் அல்லவா? நான் சொல்லிக்கொடுத்தது போலவே, வாயைத் திறக்காமல், கோபிகா வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினாள்.

மடைக்குப் பக்கத்தில் யாரோ 'ஓ' என்றார்கள். அடுத்து என் காதில் விழுந்தது ஆயிரம் கால்கள் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும் சத்தம். என் கருவியின் ஊசி சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஏய், எவண்டா வீசுனது? பூசை முடியலடா. ஏறுங்கடா மேல" என்று தலைவர் சூடத்தட்டோடு கத்தினார். யார் ஏறுவார்கள்? தண்ணீரில் கெளுத்தியும் கெண்டையும் கால்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில், பூசை முடியும் நேரத்தைக் கணக்கிட்டுக் கிளம்பிய பக்கத்து ஊர்க்காரர்கள் லோடு ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். "எங்கள விட்டுட்டு எப்பிடிய்யா எறங்குனீங்க?" என்று அவர்களோடு தனிச் சண்டை. கோபிகா துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மடைமேலேயே நின்றாள். இறங்கத் தெரியாதவள்போல நின்றாள்.

கூட்டம் கலையும்போது, அடுத்த முறைக்காரரான மலையாண்டி சேறு வழிய மேலே வந்து எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

"துண்டு வீசல. அப்ப இந்த மொறை செல்லாது. ஆனா போன மொறை போனதுதான். அடுத்தது எங்க வகையறா."

செல்வராசின் துண்டு மடிப்புக் கலையாமல் தோளில் இருந்தது. மகளைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

நான் தலைவர் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்றேன். விதி போட்டது நான். "நீங்க ஊருக்குப் புதுசும்மா. புள்ளைக்குத் தெரியணும்ல" என்றார். கோபம் இருந்தது. அதே கோபத்தோடு உள்ளே திரும்பி, "இந்த மெட்ராஸ் புள்ளைக்கு மீன் குடுத்துவிட்டீங்களா?" என்றும் கேட்டார். அன்று நான் தங்கியிருந்த அமலா டீச்சர் வீட்டுக்கு மூன்று வீடுகளிலிருந்து தூக்குச் சட்டிகள் வந்தன. விரால் குழம்பு, கெளுத்திக் குழம்பு, கெண்டை வறுவல். என் வாழ்நாளில் அப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை, அவ்வளவு குற்ற உணர்ச்சியோடும் சாப்பிட்டதில்லை.

"செல்வராசு அந்தப் புள்ளகிட்டப் பேசலையாம்" என்றார் டீச்சர், முள்ளை எடுத்தபடி. "திட்டியிருந்தாத் தேவல. ஞாயித்துக்கெழமை பிளைட்டு. இப்பிடியே போனா அடுத்த லீவு வரைக்கும் ரெண்டும் மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டுத் திரியுங்க."

மறுநாள் படத்தொகுப்பு. கோபிகா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். உட்காரவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிருங்கக்கா. நான் எடுக்கல. ஆட்டுக்குட்டிப் படத்துக்கு வேணா சவுண்டு பிடிக்கிறேன்."

அப்போது மித்ரா போனை நீட்டினாள். இடமில்லை என்று அதுவாக நின்றுபோகும்வரை பதிவு ஓடியிருந்தது.

"கூட்டம் ஓடுனப்பவே நிப்பாட்டியிருக்கலாம்ல?" என்றேன்.

"யாருமே கட் சொல்லலையேக்கா."

லேப்டாப்பில் போட்டோம். சூடம், தலைவரின் கை, செல்வராசு. பிறகு அந்த 'ஓ'. தலைவர் சட்டகத்தை விட்டு வெளியே ஓடுகிறார். பூசைக்கு நின்றவர்கள், மணி அடித்தவர், எல்லோரும் ஓடுகிறார்கள். செல்வராசு மட்டும் நிற்கிறார். அவருக்குப் பின்னால் கண்மாய் முழுக்க மனித முதுகுகள், குனிந்தபடி. அவர் மடைப் பக்கம் பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு கண்மாயை நோக்கித் திரும்பி, தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, தலைக்கு மேல் உயர்த்தி வீசுகிறார். வலது பக்கம் ஒரு வீச்சு, இடது பக்கம் ஒரு வீச்சு. அவசரமில்லாமல், எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்.

கோபிகா உட்கார்ந்தாள். இன்னொரு தடவை ஓடவிட்டாள். இன்னொரு தடவை.

"இவரு வீட்ல சொல்லவே இல்லக்கா."

"படத்துல வைக்கணும்னா அப்பாவக் கேக்கணும்."

"எங்கிட்டத்தான் பேச மாட்டேங்கிறாரே."

யாரும் பார்க்காதபோது ஒருவர் செய்ததை ஊர் நடுவே போட்டுக் காட்டுவது சின்ன விஷயமில்லை. சிரித்துவிட்டால்? செல்வராசிடம் கேட்க நான் கிளம்பினேன். அமலா டீச்சர் தடுத்து, தானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "'என்னமோ பண்ணட்டும்'னாரு" என்றார்.

"அப்படின்னா சரியா, வேண்டாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லியிருப்பாரு. எங்க பக்கம் இதுதான் சரி."

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பள்ளி மைதானத்தில் திரை கட்டினோம். படம் பார்க்க இவ்வளவு பேர் வருவார்கள் என்று டீச்சருக்கே தெரியாது. பாதிப் பேர் கண்மாய் விஷயத்துக்காக வந்தவர்கள். ஆட்டுக்குட்டிப் படத்துக்குக் கைதட்டல். பேய்ப் படத்துக்குச் சிரிப்பு, அது இயக்குநர் எதிர்பார்க்காதது. செல்வராசு கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

கோபிகாவின் படம் தொடங்கியது. காத்திருக்கும் முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தாள். தங்கள் முகம் வந்தபோது ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பிறகு மடைமேல் வெள்ளைத் துணியோடு அவளே. பக்கவாட்டுக் கேமராவில் பதிவாகியிருந்த அந்தக் காட்சியை அவள் விட்டுவிடவில்லை. "இந்தா நிக்கிறா பாரு, கம்மாய அழிச்சவ" என்று ஒரு கேலி. தண்ணீரில் கால்கள். சத்தம். அப்புறம் கலுங்கு ஓரத்தில் தனியாக அந்த மனிதர்.

துண்டு உயர்ந்தபோது மைதானத்தில் பேச்சு நின்றது.

"செல்வராசுல்ல அது?" என்றது ஒரு பெண் குரல். "இது எப்ப?"

"நாமெல்லாம் தண்ணிக்குள்ள குனிஞ்சு கெடந்தப்ப."

"அடப்பாவி, ஒரு வார்த்த சொல்லல பாரேன்."

மலையாண்டி எழுந்து நின்றார். "திருப்பிப் போடு தாயி" என்றார். கோபிகா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திருப்பிப் போட்டாள். மலையாண்டி திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"வீசியிருக்கான். ஆனா எல்லாரும் எறங்குன பெறகு வீசுனா யாருக்கு வீசுறது, மீனுக்கா?"

சிரிப்பு எழுந்தது. அது செல்வராசைப் பார்த்துச் சிரித்த சிரிப்பா, மலையாண்டிக்காகவா என்று எனக்குப் புரியவில்லை. தலைவர் நாற்காலியை விட்டு எழாமலே பேசினார்.

"நாம மொறை தெரியாம ஓடுனோம். அவன் மொறை தெரிஞ்சு நின்னான். வீசியாச்சு. இந்த மொறை செல்வராசு கணக்குதான். அடுத்தது ஒங்களுது, அப்பயாச்சும் எல்லாரும் கரையில நில்லுங்க."

மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப அந்தப் புள்ளய மடையில ஏத்தாதீங்க" என்றார். இந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது.

கூட்டம் கலைந்தது. நான் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கோபிகா லேப்டாப்பை மூடாமல் அதன் முன்னாலேயே இருந்தாள். செல்வராசு மேசைக்கு அருகில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் வெற்றுத் திரையைப் பார்த்தார்.

"சரிக வேட்டி கட்டியிருந்தேன்" என்றார். "இடுப்புக்குக் கீழ ஒன்னையும் காணோம்."

கோபிகா நிமிர்ந்தாள். "அது மிட் ஷாட்டுப்பா."

"அப்பிடின்னா?"

"இடுப்பு வரைக்கும்தான் வரும்." எழுந்து அவர் இடுப்பில் கையை வைத்து அளவு காட்டினாள். "முழுசா வரணும்னா கேமரா பின்னால போகணும். இருங்க, காட்டுறேன்."

இரண்டு கைவிரல்களையும் சட்டகம்போல் கண்முன் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினாள். செல்வராசு டியூப்லைட் வெளிச்சத்தில் நேராக நின்றார். அன்று கட்டியிருந்தது சாதாரணக் கைலிதான். அதைத் தட்டிச் சரிசெய்துகொண்டார்.

"இங்கிட்டு நின்னாத் தெரியுதா?"

"அசையாதீங்கப்பா. இன்னும் கொஞ்சம் போகணும்." ஒரு நாற்காலியில் இடித்து, அதைச் சுற்றிக்கொண்டு போனாள். "என்னப் பாக்காதீங்க."

"பாக்கல, பாக்கல" என்றார் அவர், அவளையே பார்த்துக்கொண்டு.